கையாட்டிக்கு ஒரு வெள்ளைச் சட்டை

நாளைக் காலை விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறவர்களிடம் அப்பா, "தப்பு என் மேலதாங்க" என்று சொல்லப் போகிறார். அதைச் சொல்லவிடக் கூடாது என்று நான் கங்கணம் கட்டியிருந்தேன். பேசிப் பார்த்தேன். கத்திப் பார்த்தேன். இரண்டு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். எதுவும் எடுபடவில்லை. கடைசியில்தான் ஒரு சட்டை வாங்கிக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

சிரிக்காதீர்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அங்கே பாடம் கற்றது கொஞ்சம்தான். உடுப்பைப் பார்த்துத்தான் ஒருவரை உட்காரச் சொல்வார்கள் என்பதை மட்டும் முழுசாகக் கற்றுக்கொண்டு வந்தேன். நல்ல சட்டை போட்டவன் கையால் ஒன்று கெட்டால் 'தவறு நேர்ந்துவிட்டது' என்பார்கள். சாயம் போன சட்டைக்காரன் பக்கத்தில் நின்றாலே போதும், 'இவன்தான் பண்ணியிருப்பான்' என்பார்கள். அப்பா கம்பெனி கொடுத்த காக்கியைத் தவிர வேறு எதையும் போட்டுக்கொண்டு வேலை சம்பந்தமாக வெளியே போய் நான் பார்த்ததில்லை. அந்தக் காக்கியோடு போய் நின்றால் அவர் வாயிலிருந்து 'ஆமாங்க' என்பதைத் தவிர வேறு ஒன்றும் வராது. மொடமொடவென்று ஒரு வெள்ளைச் சட்டைக்குள் அவரை நிறுத்திவிட்டால் முதுகாவது நிமிரும். முதுகு நிமிர்ந்தால் வாயும் திறக்கும் என்று கணக்குப் போட்டேன்.

நடந்தது இதுதான். அப்பாவுக்குக் கட்டுமான இடத்தில் வேலை. கிரேன் தூக்குகிற சுமையைத் தரையில் நின்றபடி கைச் சைகையால் நடத்துகிறவர். அந்த வேலைக்குக் கம்பெனித் தாளில் ஏதோ பெரிய பெயர் உண்டு. வேலை செய்கிற இடத்தில் கையாட்டி என்பார்கள். கிரேனின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து இயக்குகிறவருக்குப் பெயர் மாடிவீட்டுக்காரர். மாடிவீட்டுக்காரருக்குச் சுமைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. கையாட்டியின் கைதான் அவருக்குக் கண். போன மாதம் ஒரு கம்பிக் கட்டு இறங்கிக்கொண்டிருந்தபோது, ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடும் கொத்தனார் அதற்கு அடியில் காலை வைத்துவிட்டார். அப்பா நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். கட்டு நிற்கவில்லை. ஒல்லியின் பாதம் நசுங்கியது. கம்பெனி புதிதாகக் கொடுத்திருந்த மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றி அப்பாதான் அந்தக் காலில் சுற்றி, தூக்கிக்கொண்டு ஓடினார்.

"நிறுத்து காட்டினேன்" என்றார் அப்பா.

"இறக்கு காட்டினார், இறக்கினேன்" என்றார் மாடிவீட்டுக்காரர்.

வருஷக் கணக்காக ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள். அன்றிலிருந்து முகம் பார்ப்பதில்லை. என்னைப் பொறுத்தவரை அந்த ஆள் பச்சைப் பொய்யன். அப்பா மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய் ஒல்லியின் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டு வந்த ஒரு நாள், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவன் பொய் சொல்ற ஆளில்ல பாப்பா. எனக்கும் அன்னிக்குக் கை முழுசா ஏறல. பாதியில நின்னுடுச்சு. பயம்தான், வேற என்ன? ஒரு மனுஷன் கால் போற நேரத்துல கையாட்டிக்குக் கை நின்னுச்சுன்னா, அவன் அந்த இடத்துல நிக்கவே கூடாது."

அதற்கு என்ன பதில் சொல்ல? எனக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். அந்தக் கோபத்தோடுதான் அவரை ஆண்கள் சட்டைக்குப் பேர்போன அந்தப் பழைய கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கதவைத் தள்ளியபோதே சண்டைக்குத் தயாராக இருந்தேன். உள்ளே போனதும் சண்டையை எங்கே வைத்தேன் என்றே மறந்துவிட்டேன்.

நான்கு சுவரும் சட்டை. கருத்த மரத்தில் கூரை வரை ஏறும் அலமாரிகள், ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிக் கதவு, உள்ளே காலர் வெளியே தெரியும்படி அடுக்கிய சட்டைகள். ஊரே கழுத்தில்லாமல் வரிசையில் வந்து நின்று எங்களைப் பார்ப்பதுபோல் இருந்தது. மேல்தட்டை எட்டுவதற்குச் சக்கரம் வைத்த ஏணி ஒன்று பித்தளைக் கம்பியில் சத்தமில்லாமல் ஓடியது. தெருவில் அத்தனை ஹாரன். இங்கே கத்தரிக்கோல் துணியில் நகர்கிற சத்தம்கூடக் கேட்டது. கஞ்சியும் புதுத்துணியும் கலந்த ஒரு வாசனை. சத்தமாகப் பேசினால் ஏதாவது அழுக்காகிவிடும் என்பதுபோல் நானே குரலைத் தாழ்த்திக்கொண்டேன். என் குரல் தாழ்ந்ததைக் கேட்டு அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டில் அப்படி ஒன்று நடந்ததே கிடையாது.

கழுத்தில் அளவுநாடாவைப் போட்டுக்கொண்டு ஒரு விற்பனையாளர் வந்தார். அவர் பார்வை முதலில் அப்பாவின் செருப்புக்குப் போனது. பிறகுதான் முகத்துக்கு வந்தது. எனக்கு மூக்கு விடைத்தது.

"சொல்லுங்க மேடம்."

"அப்பாவுக்கு ஒரு வெள்ளைச் சட்டை. முழுக்கை. நல்லதா."

"என்ன வெள்ளை?"

"வெள்ளை வெள்ளைதான். அதுல என்ன வெள்ளை?"

அவர் ஐந்தாறு சட்டைகளை எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று பால். ஒன்று அடித்த முட்டையின் வெள்ளை. ஒன்றில் நீலம் ஓடியது, ஒன்றில் வெயில் ஓடியது. ஒன்று, தனியாகப் பார்த்தபோது வெள்ளையாகத்தான் இருந்தது. பக்கத்துச் சட்டையோடு வைத்ததும் பழுப்பாகிவிட்டது. இத்தனை வருஷமும் வெள்ளை என்று ஒரே நிறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேனா? எங்களிடம் சொல்லாமல் இன்னும் எத்தனை ஒளித்து வைத்திருக்கிறார்கள்?

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"தொட்டுப் பாருங்க சார்" என்றார் நாடாக்காரர்.

"இல்லங்க. கை சொரசொரன்னு இருக்கும்."

"அதுக்கென்ன, துணி அழுவாது. பாருங்க."

அப்பா ஒரு விரலை மட்டும் வைத்தார். விரலின் காய்ப்பு துணியில் உரசி 'சர்ர்' என்றது. சட்டென்று எடுத்துவிட்டார். ஆனால் முகம் மாறிவிட்டது. தண்ணீரைத் தொட்டுப் பார்த்த மாதிரி விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுத்து எத்தனை சார்?"

"ஒண்ணுதாங்க."

நாடாக்காரர் ஒரு கணம் விழித்தார். ஓரத்து நாற்காலியில், கால்சட்டை நீளத்தைக் குறைத்து வாங்குவதற்காகக் காத்திருந்த ஒரு தொந்திக்காரர் குபீரென்று சிரித்தார். நான் அவர் பக்கம் திரும்பினேன். இன்னும் ஒரு நொடி சிரித்திருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அதற்குள் அப்பாவே சிரித்துவிட்டார்.

"அளவு கேக்குறீங்களா? அது தெரியாதுங்க. கம்பெனியில சின்னது, பெருசுன்னு ரெண்டே. எனக்குப் பெருசு."

நாடா கழுத்தைச் சுற்றியது, தோளிலிருந்து தோளுக்குப் போனது, மணிக்கட்டுக்கு இறங்கியது. தோளில் இரண்டு தரம் அளந்தார். "தோள் நல்ல அகலம் சார்" என்றார். சும்மா சொன்ன மாதிரி இல்லை.

முதல் சட்டையோடு உடை மாற்றும் அறைக்குள் போன அப்பா வெளியே வரவே இல்லை. குண்டூசிகளைத் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. வந்தபோது கழுத்தைத் திருப்ப முடியாமல், முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்தார்.

"பாப்பா, கழுத்துக்குள்ள பலகை வச்சுத் தச்சிருக்காங்க. பெரிய மனுஷங்க யாருக்கும் தலை குனியறதில்லையே, இதுனாலதானா?"

காலருக்கு அடியில் வைத்திருந்த அட்டையை அவர் எடுக்கவே இல்லை. நாடாக்காரர் அதை உருவி எடுத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சார், இந்த வேலைக்கு வந்த நாள்லேர்ந்து இப்படி ஒருத்தர் கேட்டதில்ல. இனிமே நான் எல்லார்ட்டயும் சொல்லுவேன்." அவர்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அங்கேயே காலி.

அந்தச் சட்டை கொஞ்சம் தாராளமாக, முதுகில் மடிப்பு வைத்துத் தைத்தது. அப்பா கண்ணாடிமுன் போய் நின்றார். மூன்று மடலாக விரியும் பெரிய கண்ணாடி. காலரைப் பார்க்கவில்லை, பட்டனைப் பார்க்கவில்லை. சட்டென்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். பக்கவாட்டில் விரித்தார். கீழே விட்டார்.

"என்ன சார், தேகப்பயிற்சியா?" என்றார் தொந்திக்காரர்.

"சட்டை வாங்கினா கை தூக்கிப் பாக்கணுங்க. கை ஏறலன்னா எனக்கு வேலை ஓடாது."

"என்ன வேலை?"

"கையாட்டி."

"கையாட்டுறதுக்குச் சம்பளமா? தேர்தலுக்கு நிக்கறவங்க எல்லாம் சும்மாதானேய்யா ஆட்டுறாங்க!"

கடையே சிரித்தது. நான் பல்லைக் கடித்தேன். அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. "அவங்க கையாட்டினா எதுவும் நகராதுங்க" என்றார் சாவதானமாக. "நான் ஆட்டினா நகரும்."

"எங்கே, காட்டுங்க பாப்போம்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவர் வேலை செய்து பார்த்ததே இல்லை. வேலை நடக்கும் இடத்துக்குள் வீட்டாரை விட மாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று சாப்பாடு கொடுத்துவிட்டு வந்ததோடு சரி. கையை ஆட்டுவது ஒரு வேலையா என்று பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். அது என்ன வேலை என்று எனக்கே தெரியாமல்தான் சண்டை போட்டேன்.

அப்பா கால்களைக் கொஞ்சம் அகட்டி நின்றார். தலை நிமிர்ந்தது. கண் கூரையை நோக்கிப் போய், அங்கே இல்லாத ஒரு கொக்கியில் நின்றது.

"இது தூக்கு." முழங்கையை மடக்கி, விரலை மேலே காட்டி ஒரு சிறு வட்டம். "மெதுவாத் தூக்கு." அதே வட்டத்துக்குமேல் இன்னொரு கையைக் குடைபோல் பிடித்தார். "இது இறக்கு." கை கீழ்நோக்கிச் சாய்ந்தது. "இது நிறுத்து." தோளுக்கு நேராக, தராசுத் தண்டுபோல் கை பக்கவாட்டில் நீண்டது, உள்ளங்கை தரையைப் பார்த்தது, அப்படியே முன்னும் பின்னும் வீசியது. "கையில உறை போட்டிருப்போம். தூரத்துலேர்ந்து பாக்கறவருக்கு விரல் தெரியாது. கை எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னுதான் தெரியும். தோளுக்கு நேரா நின்னா நிறுத்து. சாஞ்சா இறக்கு. அவ்வளவுதாங்க எங்க எழுத்து."

அத்தோடு முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. கை தானாகவே ஒரு சுமையை எடுத்துக்கொண்டது.

அதை எப்படிச் சொல்வது? அங்கே எதுவும் இல்லை. ஆனால் எல்லோரும் பார்த்தோம். அப்பாவின் விரல் சுற்றியது. வாசல் பக்கத்தில் ஏதோ ஒன்று தரையை விட்டு எழும்பியது. கை நின்றது, அதுவும் நின்று காற்றில் லேசாக ஆடியது. ஆட்டம் அடங்கும்வரை அப்பா பொறுத்தார். நாங்களும் பொறுத்தோம். பிறகு கட்டைவிரலால் ஒரு பக்கம் காட்டினார். அந்தப் பெரிய, கனத்த, இல்லாத பொருள் எங்கள் தலைக்குமேலே கடையின் குறுக்கே மிதந்து வந்தது. ஏணியில் நின்றிருந்த கடை ஊழியர் தலையைக் குனிந்துகொண்டார். நாடாக்காரர் மேசையிலிருந்த சட்டைகளைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டார். அப்பாவின் இன்னொரு கை இறக்கு காட்டியது. கொஞ்சம், இன்னும் கொஞ்சம், முடி அளவு. அது இறங்கிய இடம் தொந்திக்காரரின் நாற்காலிப் பக்கம். அவர் மேலே பார்த்தபடியே காலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டார்.

அப்பா இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்தார். "இறங்கிடுச்சு" என்றார்.

தொந்திக்காரர் தன் காலையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தக் கையில்தான் தினமும் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுத்திருக்கிறேன். இந்த மனிதர் இத்தனை வருஷமும் டன் கணக்கில் இரும்பை மனிதர்களின் தலைக்குமேல் இப்படி, மூச்சு விடுவதுபோல், நடத்திக்கொண்டிருந்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறார்.

அந்தச் சட்டையையே கட்டச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கண்ணாடியில் பார்த்தால் இடுப்பில் துணி தொளதொளவென்று தொங்கியது. நாளை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் இவர் கையையா பார்க்கப் போகிறார்கள்?

"இன்னும் எடுப்பா ஒண்ணு காட்டுங்க" என்றேன். "உடம்போட ஒட்டினாப்ல. ஆபீசர் மாதிரி இருக்கணும்."

"சாருக்கு இதுதான் மேடம் சௌகரியம்."

"சௌகரியமா இருக்கறதுக்கு லுங்கி இருக்கே வீட்ல. எடுங்க."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஏணியை நகர்த்தினார். மேல்தட்டிலிருந்து வந்தது, நீலம் ஓடிய அந்த வெள்ளை. அப்பா அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கல்லூரியில் யாராவது பெரிய ஆள் உள்ளே வந்தால் உடம்பு தானாக எழும் இல்லையா, அப்படி. மார்பு விரிந்து, தோள் பாறையாக, நரைத்த தலைக்குக் கீழே அந்த வெள்ளை ஒளிவிட்டது. மூன்று கண்ணாடியிலும் மூன்று பேர் நின்றார்கள். மூவரும் உத்தரவு போடுகிறவர்கள்.

"அப்பா" என்றேன்.

"மாப்பிள்ள கணக்கா இருக்கீங்க சார்!" என்றார் தொந்திக்காரர்.

அப்பா வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே, வழக்கம்போல் கையைத் தூக்கினார்.

கை ஏறவில்லை.

தோளுக்குக் கீழேயே நின்றுவிட்டது. இடுப்பிலிருந்து சட்டை வெளியே பிதுங்கி வந்தது. அக்குளில் துணி கயிறுபோல் முறுக்கிக்கொண்டது. அப்பா கையை இறக்கினார். மறுபடி தூக்கினார். அதே இடத்தில் நின்றது. சிரிப்பு முகத்திலேயே உறைந்துவிட்டது.

"அக்குள் வெட்டு இதுல கம்மி சார்" என்றார் நாடாக்காரர். "நான்தான் சொன்னேனே..."

அப்பாவுக்கு அது காதில் விழவில்லை. கண்ணாடியில் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் நின்று, கீழ்நோக்கிச் சாய்ந்த கை. மெதுவாக, தூக்கத்தில் பேசுகிறவர்போல் சொன்னார்:

"இதே இடம்."

"என்னப்பா?"

"அன்னிக்கும் இதே இடத்துலதான் நின்னுச்சு. இப்படித்தான் இங்க பிடிச்சுது." அக்குளைத் தொட்டார். "அந்த ஜாக்கெட்டு. அது வந்த வாரம்தான் இது நடந்துச்சு. அதுக்கு முன்ன காக்கிக்கு மேல கையில்லாத ஜாக்கெட்டுதானே போட்டுக்கிட்டிருந்தோம். மழைக்குன்னு முழுக்கை வச்சு, தடியா, ரப்பர் மாதிரி... எல்லாருக்கும் ஒரே அளவு."

நான் இடைமறித்தேன். "அப்போ பயம்..."

"இரு. அவசரப்படாத." குரலில் அதட்டல் இருந்தது. அப்பா என்னை அதட்டி எத்தனையோ வருஷமாகிறது. "நெனப்பு என்ன வேணாலும் சொல்லும். தூரத்துலேர்ந்து பாக்கணும். இங்க கிட்ட நின்னு பாத்தா ஆகாது."

அவர் வாசலை நோக்கி நடந்தார். நாடாக்காரர் பதறிக்கொண்டு குறுக்கே வந்தார். "சார், சார், பில் போடாத சட்டை சார்!"

என் கைப்பையை மேசைமேல் வைத்தேன். "இதுல என் சம்பளம், அடையாள அட்டை, வீட்டுச் சாவி எல்லாம் இருக்கு. நாங்க எதிர்ச்சாரி வரைக்கும்தான் போறோம்."

நாடாக்காரர் பையைத் தொடவில்லை. எங்கள் பின்னாலேயே வந்தார். தொந்திக்காரரும் வந்தார்.

"நீ சொல்லக் கூடாது" என்றார் அப்பா என்னிடம். "நீ என் பக்கம் பேசுவ. அவரு சொல்லட்டும்." தொந்திக்காரரைக் காட்டினார். "சார், உள்ள காட்டினேனே, ஞாபகம் இருக்கா? நிறுத்து, இறக்கு. அங்க போய் நின்னு ஒண்ணு காட்டுவேன். என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க. எனக்காகச் சொல்லாதீங்க."

"சத்தியமா" என்றார் அவர். அவர் முகத்தில் கிண்டல் எதுவும் மிச்சமில்லை.

அப்பா சாலையைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போனார். பூட்டிய ஒரு கடையின் நீலக் கதவுக்கு முன்னால் நின்றார். நடுவே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எங்களை நிமிர்ந்து பார்த்தார். கால்களை அகட்டினார். கை எழுந்தது.

எனக்கு அவர் முகம் தெரியும். தாடை இறுகியிருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவர் தன் உயிர் முழுவதையும் போட்டு அந்தக் கையைத் தோளுக்குத் தூக்கிக்கொண்டிருந்தார். நிறுத்து, நிறுத்து, நிறுத்து. முகத்தை மறந்துவிட்டுக் கையை மட்டும் பார்த்தேன். சாய்ந்த கை. தரையைக் காட்டும் கை.

"இறக்கு" என்றார் தொந்திக்காரர். உடனே, தயங்காமல்.

"இறக்குதான்" என்றார் நாடாக்காரரும்.

"என்ன தெரியுது?" அங்கிருந்து கத்தினார் அப்பா.

தொந்திக்காரர் இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்: "இறக்கு!"

கை அப்படியே நின்றது. ஒரு பேருந்து எங்களுக்கு நடுவே வந்து மறைத்தது. அது போனபோதும் அவர் கையை இறக்கவில்லை. முகம் மட்டும் வேறாகியிருந்தது. என் ஆயுசிலேயே அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. சந்தோஷம் என்று சொன்னால் பொய். அவருக்கே சொந்தமான ஒன்றை யாரோ பிடுங்கிக்கொண்டு போய், இத்தனை நாள் கழித்துத் திருப்பிக் கையில் கொடுத்ததுபோல் இருந்தது.

திரும்பி வந்தவர் என்னிடம் வரவில்லை. கடைப் படியில் நின்று, சட்டையின் கையைத் தடவிக்கொடுத்தார்.

"பயமில்ல பாப்பா" என்றார். "கை பயப்படல."

எனக்கு அழுகை வந்தது; கூடவே கோபமும் வந்தது. இத்தனை நாளும் மாடிவீட்டுக்காரரைத் திட்டித் தீர்த்தேனே, அந்தக் கோபம் இப்போது வீடு மாறிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தன், குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, எல்லா உடம்புக்கும் ஒரே அளவு போதும் என்று முடிவு செய்திருக்கிறான். அவன் அதைப் போட்டுக்கொண்டு ஒரு தரம் கையைத் தூக்கிப் பார்த்திருந்தால் ஒல்லி இன்றைக்கு நடந்துகொண்டிருப்பார்.

"அந்த ஜாக்கெட் எங்கப்பா?"

"ஒல்லி காலோட போச்சு. ரத்தம். ஆஸ்பத்திரியில கழட்டி வீசிட்டாங்க. மத்தவங்களுதும் அடுத்த நாளே திரும்ப வாங்கிட்டாங்க, வேற தர்றோம்னு." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த நாளே திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

உள்ளே போனதும் நாடாக்காரர் முதல் சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். "இதையே கட்டிடறேன் சார். கை நல்லா ஏறும்."

"அது வேணாங்க. போட்டிருக்கறதைக் கட்டுங்க."

"சார், இது உங்களுக்குச் சேராது."

"சேராததுதாங்க வேணும்."

நாடாக்காரர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். நாளைக்கு இவர் இதைப் போட்டுக்கொண்டு அந்த மேசைக்கு முன்னால் நிற்கப் போகிறார் என்பது மெல்ல எனக்கு உறைத்தது. அவர் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. அறையின் கோடியில் போய் நின்று கையைத் தூக்கினால் போதும்.

"சட்டை இறுக்கம்பாங்கப்பா. ஜாக்கெட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்பாங்க."

"அப்போ நீ பேசு" என்றார். "அதுக்குத்தானே படிச்ச. நான் காட்டறேன், நீ அதைப் பேச்சாக்கு. கையாட்டி பொண்ணுக்கு அது வராதா?"

சட்டைக்கு நான்தான் பணம் கொடுத்தேன். தொந்திக்காரர் தன் பெயரையும் போன் எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, கேட்காமலேயே என் கையில் வைத்தார். "தேவைப்பட்டா கூப்பிடும்மா. நான் பாத்ததை எங்க வந்து வேணாலும் சொல்றேன்."

வெளியே வந்ததும் அப்பா தன் பழைய போனை எடுத்து, எண்களை அழுத்தாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அழுத்தினார். மறுமுனையில் எடுத்தார்கள்.

"நான்தான்" என்றார் அப்பா. "வச்சுடாத. நீ பாத்தது இறக்குதான். பாத்ததைத்தான் சொன்ன, உன்மேல தப்பில்ல. ஆனா நான் காட்டினது நிறுத்து. ரெண்டும் நெசம்டா."

மாடிவீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக்கூடக் கேட்டது. அப்பா நடைபாதையின் நடுவே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மனிதர்கள் அவரைச் சுற்றி வளைந்து போனார்கள்.

"நாளைக்கு நீயும் வா. புதுச் சட்டை ஒண்ணு போட்டுக்கிட்டு, அன்னிக்கு நடந்ததைக் காட்டப் போறேன்" என்றார். "ஆமா, வெள்ளைச் சட்டைதான். நல்லாத்தான் இருக்கு. மூச்சுதான் விட முடியல."